ஒட்டிட்டு அடிங்க சாமி!

மொதல்லயே சொல்லிடறேன், இது பிளாஸ்டிக் டாங்கி பொம்மை பத்தின பதிவு. டாங்கின்னா மொட்டை மாடி சின்டெக்ஸ் இல்லீங்க. பீரங்கி வெச்சு, சங்கிலிப் பட்டையில ஓடற போர் வண்டி. அதோட 1/35 அளவு மாடல். 'இதுக்கெல்லாமாய்யா ஒரு பதிவு'ன்னு நினைக்கற மக்கள் இப்பவே கழண்டுக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன். மிச்சம் இருக்கறவங்க உக்காருங்க. ஒரு சண்டை இருக்கு.

சண்டை என்னன்னா, டாங்கி மேல இருக்கற மண்வெட்டி, கோடாலி, இழுவைக் கம்பிக் கயிறு, கைப்பிடி, ஹெட்லைட்டு கூண்டு மாதிரியான குட்டிச் சாமானை எல்லாம் ஒட்டிட்டு பெயிண்ட் அடிக்கறதா, இல்ல ஒவ்வொண்ணையும் தனியா பெயிண்ட் அடிச்சு கடைசியில ஒட்டறதா? நான் ஒட்டிட்டு அடிக்கற கட்சி. பிறவிக் கட்சின்னே வெச்சுக்கங்க. எதிர்க்கட்சிக்கு நான் வெச்சிருக்கற பேரு 'பிரிச்சு அடிக்கற கோஷ்டி'.

இந்தக் கோஷ்டி மேல எனக்குத் தனிப்பட்ட காண்டு எதுவும் கிடையாது. அவங்க வீட்ல, அவங்க காசுல, அவங்க டாங்கியை எப்படி வேணா அடிச்சுக்கட்டும். ஆனா புதுசா வர்ற பசங்ககிட்ட 'இதுதான் முறை, மத்ததெல்லாம் பொம்மை வேலை'ன்னு சொல்றாங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஏறுது.

எங்க தெருவுல ஒரு தம்பி. பனியன் கம்பெனியில பேட்லாக் டெய்லர். இருபது, இருபத்தொண்ணு வயசு இருக்கும். பள்ளிக்கூடத்துல படிச்ச அருண் கேத்தர்பால் கதை அவன் மண்டையில அப்படியே நிக்குது. 1971 டிசம்பர் 16, பசந்தர் சண்டை, இருபத்தியொரு வயசு, செஞ்சூரியன் டாங்கி, செத்தப்பறம் பரம்வீர் சக்ரா. அவர் ஓட்டின வண்டி பேரு ஃபமகுஸ்டா. அது இன்னும் அகமத்நகர் (இப்போ அகில்யாநகர்) கவசப்படை பயிற்சிப் பள்ளியில பத்திரமா இருக்கு. அதைச் செய்யணும்னு இவனுக்கு ஆசை. தீபாவளி போனஸ்ல நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்து ஏ.எஃப்.வி. கிளப் செஞ்சூரியன் கிட் வாங்கினான். நம்மூர் ஆளுங்களுக்குத் தெரியும், பனியன் கம்பெனி போனஸ்ல நாலாயிரம்னா அது வீட்ல யாரோ ஒருத்தருக்கு எடுக்காம விட்ட துணி.

வாங்கிட்டு, வேலை தெரிஞ்ச ஒரு பெரியவர்கிட்ட போன்ல யோசனை கேட்டிருக்கான். அவரு சொன்னது இது: எல்லாப் பீஸையும் சட்டத்துலயே வெச்சு பிரைமர் அடி. ஒவ்வொரு டூலையும் பல் குத்தற குச்சியில மாட்டித் தனியா பெயிண்ட் அடி. மரப்பிடிக்கு மூணு கோட், இரும்புக்கு ரெண்டு கோட். உடம்பைத் தனியா அடி, டரட்டைத் தனியா அடி, சாமான் பெட்டியைத் தனியா அடி. எல்லாம் காஞ்சப்பறம் ஒட்டு. தம்பி ஒரு ஞாயித்துக்கிழமை பூரா குச்சி சொருகினதோட சரி. அந்தப் பெட்டி இப்போ அட்டாலியில இருக்கு.

"ஏனுங்ணா, கம்பெனியில ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் கையில ஓடுதுங்ணா, சலிக்கறதில்ல. இதுல முன்னூறு பீஸுக்கே தலை சுத்துதுங்ணா"ன்னான்.

தலை சுத்தாம என்ன செய்யும்? தம்பிக்குத் தொழில் தெரியாம இல்ல. கம்பெனியில அவன் கைக்கு பண்டல் வரும்போதே எது முன்னாடி எது பின்னாடின்னு யாரோ யோசிச்சு அனுப்பியிருப்பாங்க. இங்க யோசிக்காத ஒரு வரிசையை அவன் தலையில கட்டிட்டாங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். மொதல்ல பசை.

பிளாஸ்டிக் கிட்டுக்குப் போடற சிமென்ட், நாம நினைக்கற மாதிரியான பசையே இல்ல. அது கரைப்பான். ரெண்டு பக்கத்து பாலிஸ்டைரீனையும் லேசாக் கரைச்சு ஒண்ணோட ஒண்ணு கலக்க விடுது. காஞ்சப்பறம் அங்க ரெண்டு பீஸ் கிடையாது, ஒரே பீஸ். பத்த வெச்ச மாதிரி. ஆனா அதுக்கு வெறும் பிளாஸ்டிக் வேணும். நடுவுல பெயிண்ட் இருந்தா சிமென்ட் பெயிண்டை நக்கிட்டு நின்னுடும். அப்ப என்ன பண்ணணும்? ஒட்டற இடத்துல எல்லாம் பிளேடால பெயிண்டைச் சுரண்டணும். அழகா அடிச்ச உடம்புல, ரெண்டு மில்லிமீட்டர் அகலத்துல, முப்பது இடத்துல சுரண்டல். இல்லைன்னா ஃபெவிக்விக். ஃபெவிக்விக் பெயிண்ட் மேல ஒட்டும், சந்தேகமில்ல. ஆனா அது பிடிச்சிருக்கறது பெயிண்டை, பிளாஸ்டிக்கை இல்ல. பெயிண்ட் தோல் உரிஞ்சா மண்வெட்டியும் கூடவே வந்துடும். இது போக, அந்தப் பசையில இருந்து வர்ற ஆவி பக்கத்துல வெள்ளையாப் பூத்துடும். கறுப்புல, கரும்பச்சையில பளிச்சுன்னு தெரியும். எல்லாம் முடிஞ்ச பெயிண்ட் மேல அது பூத்தா, திரும்ப டச்சப். டச்சப்னா அந்த இடம் மட்டும் வேற கலர்.

பித்தளைத் தகட்டுல அச்செடுத்து வர்ற சன்னமான சாமான்களுக்கு சிமென்ட் பிடிக்காது, பெரும்பாலும் ஃபெவிக்விக்தான். அதைப் பெயிண்ட் அடிச்ச அப்பறம் வளைச்சு ஒட்டினா, வளைஞ்ச எடத்துல பெயிண்ட் செதில் செதிலா உதிரும். பித்தளையை முன்னாடியே ஒட்டிடணும், அதுல பேச்சே இல்ல. இதை எதிர்க்கட்சியும் ஒத்துக்கும். ஒத்துக்கிட்டு, பிளாஸ்டிக் சாமானுக்கு மட்டும் வேற நியாயம் பேசும்.

அடுத்தது ஊரு. இது ஜப்பான்காரனுக்கும் ஐரோப்பாக்காரனுக்கும் இல்லாத பிரச்சினை. எங்க வீட்டுக்குப் பின்னாடி சந்துல நிட்டிங் மெஷின் ஓடுது. திருப்பூர்ல யார் வீட்டுக்குப் பின்னாடி ஓடலை? நூல்ல இருந்து பிரியற பஞ்சுத்தூசி ராத்திரி பகலா மெதக்குது. ஜன்னலைச் சாத்தினாலும் வருது, சட்டையில ஒட்டிக்கிட்டு உள்ள வருது. ஈர பெயிண்ட் மேல ஒரு இழை உக்காந்தா, 1/35-ல அது டாங்கி மேல போட்ட தாம்புக்கயிறு மாதிரி தெரியும். ஆடி மாசம் வந்தா பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வேற. பல்லடம், உடுமலைப் பக்கம் காத்தாடி எல்லாம் சுத்தறது அந்தக் காத்துலதான். ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னு சொல்வாங்க, அரை மில்லிமீட்டர் கைப்பிடி பறக்காதா?

இப்ப கணக்குப் போடுங்க. ஒட்டிட்டு அடிக்கறவன் ஈர பெயிண்டைத் திறந்து வைக்கறது மூணு தடவையோ நாலு தடவையோ. தரையில தண்ணி தெளிச்சு, ஃபேனை அமத்தி, அடிச்சு, மேல ஒரு அட்டைப்பெட்டியைக் கவுத்துட்டு வந்தா முடிஞ்சுது. பிரிச்சு அடிக்கறவன் முப்பது, நாப்பது தடவை திறந்து வைக்கறான். ஒவ்வொரு தடவையும் பஞ்சு, ஒவ்வொரு தடவையும் விரல் ரேகை, ஒவ்வொரு தடவையும் ஏர்பிரஷ் கழுவற வேலை. பாதியில கரண்ட் போனா கம்ப்ரஸர் நிக்கும். குச்சியில பாதி கோட்டோட நிக்கற கோடாலியைப் பாத்துக்கிட்டு நாமளும் நிக்கணும். வாரம் பூரா ஆணி புடுங்கிட்டு ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் கிடைக்கற பொட்டி தட்டறவனுக்கே இது கட்டுப்படியாகாது. ஞாயித்துக்கிழமையும் ஓவர்டைம் பாக்கற தம்பிக்கு எப்படி ஆகும்?

மூணாவது, ஷேடு. இதை நான் திருப்பூர்க்காரனுக்கு விளக்கவே வேணாம், ஆனா வெளியூர் மக்களுக்காக. ஒரு டி-ஷர்ட்டுக்கு உடம்புத் துணி ஒண்ணு, கழுத்துக்கு ரிப் துணி ஒண்ணு. ரெண்டையும் வேற வேற லாட்ல சாயம் போட்டா, ஒரே கலர் நம்பர், ஒரே சாயம், ஒரே பட்டறையா இருந்தாலும் ஷேடு சேராது. கழுத்து ஒரு நீலம், உடம்பு ஒரு நீலம். பையர்கிட்ட மாட்டினா சரக்கு அப்படியே திரும்பும். அதனாலதான் உடம்பையும் ரிப்பையும் ஒரே லாட்ல போடப் பாடுபடறாங்க. அதனாலதான் கட்டிங் முடிஞ்சதும் பண்டலுக்கு நம்பர் போட்டு, ஒரே ரோல்ல வெட்டின முன்பக்கமும் பின்பக்கமும் பிரியாம பாத்துக்கறாங்க. ஒரு ஊரே இந்த ஒரு பாடத்துக்குக் காசு கொடுத்துக் கத்துக்கிட்டு இருக்கு.

டாங்கியில மட்டும் இந்த விதி மாறுமா? டரட்டை இந்த வாரம், உடம்பை அடுத்த வாரம், பெட்டிகளை அதுக்கடுத்த வாரம் அடிச்சா, பெயிண்ட் பாட்டில் ஒண்ணுதான், டாமியா எக்ஸ்.எஃப்-62-ன்னே வெச்சுக்கங்க. ஆனா தின்னர் ஒரு சொட்டு கூட, காத்தழுத்தம் கொஞ்சம் கம்மி, கோட் ஒண்ணு அதிகம். முடிஞ்சுது, ரிப் வேற, பாடி வேற. மாடல் ஒரு வண்டியாத் தெரியாது, நாலு வண்டியில இருந்து கழட்டிக் கோத்த மாதிரி தெரியும். வெயில்ல பழசான ஷேடு வித்தியாசம் வேணும்னா அதை வேணும்னே பண்ணலாம், அது வேற கலை. தானா வந்த வித்தியாசத்தைக் கலைன்னு சொல்றது எங்கூர்ல செல்லாது.

இப்ப எதிர்க்கட்சியோட பெரிய வாதம். 'ஒட்டிட்டு அடிச்சா மண்வெட்டிக்குப் பின்னாடி பெயிண்ட் போகாதே?'

போகாது. போக வேணாம். ஏர்பிரஷ்ல இருந்து பெயிண்ட் நேர்கோட்டுலதான் போகுது, நம்ம பார்வையும் நேர்கோட்டுலதான் போகுது. எந்தப் பக்கத்துல இருந்து பாத்தாலும் தெரியற இடத்துக்கு, அதே பக்கத்துல இருந்து அடிச்சா பெயிண்ட் போயிடும். எங்க இருந்து அடிச்சாலும் போகாத இடம், எங்க இருந்து பாத்தாலும் தெரியாது. சந்தேகம் இருக்கா, மொதல்ல கறுப்பு பிரைமர் அடிங்க. எல்லாப் பக்கமும் சாய்ச்சு, கவுத்து, கீழ இருந்தும் அடிங்க. மேல் பெயிண்ட் எட்டாத சந்துல கறுப்பு நிக்கும். நிஜ டாங்கியிலயும் அந்தச் சந்துல நிழல்தான் இருக்கும். குறைன்னு அவங்க சொல்றது நமக்கு ஓசியில கிடைக்கற நிழல்.

அதே நிழல்தான் கடைசியில ஒட்டற மண்வெட்டிக்குக் கிடைக்காமப் போகுது. அழுக்கு வாஷ், தூசி எல்லாம் உடம்புல முடிச்சுட்டு, அது மேல சுத்தமா இன்னொரு சாமானைக் கொண்டாந்து வைக்கறாங்க. நெத்தியில வெச்ச ஸ்டிக்கர் பொட்டு மாதிரி தனியா மெதக்கும். சரியா உக்காரலைன்னு வைங்க, அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தா, 35-ஆல பெருக்குங்க, நிஜ வண்டியில ஒண்ணே முக்கால் சென்டிமீட்டர். மண்வெட்டி காத்துல நிக்குது. ஒட்டிட்டு அடிச்சா பெயிண்டும் வாஷும் சாமானுக்கும் உடம்புக்கும் நடுவுல ஓடிப் போய்த் தேங்கி ரெண்டையும் கட்டிப் போடும். எண்பதுகள்ல பெல்ஜியம்காரர் வெர்லிண்டன் பிரபலப்படுத்தின பாணியே இதை நம்பித்தான் நின்னுது. கறுப்பு வாஷ் விட்டு, அப்பறம் காஞ்ச பிரஷ்ல வெளிர் கலரை மேடான இடத்துல மட்டும் லேசாத் தேய்க்கறது. மேடு உடம்பு மேல இருந்தாத்தானே தேய்க்க முடியும்? குச்சியில இருக்கற மேட்டை எங்க போய்த் தேய்க்க?

'நிஜ டாங்கியில டூல் தனியாத்தானே இருக்கும், கழட்டி மாட்டற சாமான்தானே, அதனால தனியா அடிக்கறதுதான் நிஜம்'னு ஒரு வாதமும் வரும். நிஜம்னு வந்தா நிஜத்தையே பாத்துடுவோம். 1943 பிப்ரவரியில ஜெர்மன்காரன் டாங்கியோட அடிப்படைக் கலரை மஞ்சளா மாத்தினான். மேல போடற பச்சையும் செம்பழுப்பும் பட்டாளத்துக்கே பசை மாதிரி டப்பாவுல வந்துச்சு. தண்ணியோ பெட்ரோலோ கலந்து, களத்துல நிக்கற வண்டி மேல ஆளுங்களே அடிச்சாங்க. கோடாலியைக் கழட்டி வெச்சுட்டு, காய வெச்சு, திரும்ப மாட்டவா அவனுக்கு நேரம் இருந்துச்சு? அப்படியே மேல அடிச்சான். சோவியத் டி-34 ஃபோட்டோக்களைப் பாருங்க, உடம்பு, பெட்டி எல்லாம் ஒரே பச்சையில முழுகிக் கிடக்கும். ஆக நிஜ டாங்கிக்காரனே பல சமயம் நம்ம கட்சி.

இதுல ஒரு எச்சரிக்கை. நினைவுச் சின்னமா நிறுத்தி வெச்சிருக்கற டாங்கிகளைப் பாத்து கலர் முடிவு பண்ணாதீங்க. பெரும்பாலும் வருஷா வருஷம் பெயிண்டர் வந்து ரப்பர், கண்ணாடி, சங்கிலி எதையும் விடாம பளபளன்னு பூசிட்டுப் போயிருப்பாரு. அது ஒட்டிட்டு அடிக்கறதுல ரொம்ப முத்தின கேஸ். அந்த அளவுக்கு நான் கேக்கலை :-) டாங்கி ஒண்ணும் நமக்கு அன்னிய சாமான் இல்ல. 1965-ல இருந்து ஆவடியில விஜயந்தா செஞ்ச மாநிலம் இது. அதுக்கப்பறம் அதே ஆவடியில அர்ஜுன். செய்யற ஊரு கிட்டக்கவே இருக்கு, ஆனா நமக்குக் கிட்டத்துல பாக்கக் கிடைக்கறது இப்படிப் பூசின வண்டிதான்.

விதிவிலக்கே இல்லையான்னு கேட்டா, இருக்கு. இங்க எங்க சித்தப்பாவைக் கூப்பிடறேன். அவரு பிரிண்டிங் பட்டறை வெச்சிருக்காரு. டி-ஷர்ட் நெஞ்சுல வர்ற படத்தைத் தைச்ச அப்பறம் போடறதில்ல, பெரும்பாலும் வெட்டின பீஸ்லயே போட்டுடறாங்க. ஏன்? ஸ்கிரீன் படுக்கணும்னா துணி தட்டையா டேபிள் மேல கிடக்கணும். தைச்சுட்டா தோள்பட்டை தையல் தடுக்கும், பின்பக்கத் துணி அடியில மடியும். எம்பிராய்டரியும் அப்படித்தான், ஃப்ரேம்ல மாட்ட சமமான பீஸ் வேணும். ஆனா பட்டன்? பட்டன் பட்டியைத் தைச்சு, காஜா அடிச்ச அப்பறம்தான். அயனிங் எல்லாத்துக்கும் கடைசியில. சித்தப்பாகிட்ட 'பிரிண்டிங் மொதல்லயா, தைக்கறது மொதல்லயா, எது முறை'ன்னு கேட்டா சிரிப்பாரு. "ஸ்கிரீன் எட்டுச்சுன்னா எப்ப வேணா போடலாம் கண்ணு. எட்டலைன்னா முன்னாடியே போடோணும்." அவ்வளவுதான். எட்டுமா எட்டாதா. பக்தி ஒண்ணும் கிடையாது.

டாங்கியிலயும் எட்டாத இடம் இருக்கு, எண்ணினா ஒரு கை விரல்ல அடங்கும். செஞ்சூரியனுக்குப் பக்கவாட்டுல தொங்கற கவசத் தகடு இருக்கு. அதை ஒட்டிட்டா சக்கரமும் சங்கிலியும் மறைஞ்சு போகும், அதனால அது கடைசி. சக்கரத்தோட ரப்பர் விளிம்பைக் கறுப்பு அடிக்கணும், சக்கரத்தை ஒட்டாம சும்மா சொருகி வெச்சுக்கங்க, கழட்டி அடிச்சு மாட்டிக்கலாம். சங்கிலியில தனித்தனி கண்ணியா வர்ற ரகம்னா, சிமென்ட் பாதி காஞ்சு வளையற பதத்துல சக்கரத்தைச் சுத்தி விட்டு, தொய்வைச் சரி பண்ணி, ஒரு ராத்திரி விட்டு, மாலை மாதிரி முழுசாக் கழட்டித் தனியா பெயிண்ட் அடிங்க. கண்ணி கண்ணியா அடிக்கச் சொல்றவன் உங்க நண்பன் இல்ல. இன்ஜின் மேல பித்தளை வலை வர்ற கிட்டுன்னா, வலைக்குக் கீழ கறுப்பை அடிச்சுட்டு அப்பறம் வலையை ஒட்டணும். ஹெட்லைட்டு கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவற பீஸ் எல்லாம் கடைசின்னு சொல்லவே வேணாம். கடைசியிலயும் கடைசி ஏரியல். கிட்டோட சட்டத்தை மெழுகுவத்தி மேல காட்டி இளகினதும் இழுத்தா முடி மாதிரி நூல் வரும், அதை வெட்டி வெச்சா ஏரியல். அதை முன்னாடியே ஒட்டினா சட்டைக் கையில மாட்டிக்கிட்டு ஒடிஞ்சுடும். கண்ணாடிக்கும் ஏரியலுக்கும் ஃபெவிக்விக் வேணாம், சாதா வெள்ளை ஃபெவிகால் ஒரு பொட்டு போதும். காஞ்சா தெரியாது, பூக்காது.

இன்னொண்ணும் நியாயமா ஒத்துக்கணும். கலர் விளிம்பு வெட்டின மாதிரி வர்ற உருமறைப்புக்கு மாஸ்கிங் டேப் போட்டீங்கன்னா, டேப்பை உரிக்கும்போது கைப்பிடியும் சேர்ந்து உரிஞ்சு வரலாம். அதுக்கு டேப்பே வேணாமே. ப்ளூடாக்கை விரல்ல உருட்டிப் புழு மாதிரி ஆக்கி கைப்பிடியைச் சுத்தி நெளிச்சு விட்டா வேலை முடிஞ்சுது. இதுக்காக முப்பது கைப்பிடியையும் குச்சியில ஏத்தறது கொசுவுக்கு பயந்து வீட்டை வித்த கதை.

அப்ப உடம்பு மேலயே ஒட்டின மண்வெட்டிக்கு எப்படி கலர் அடிக்கறது? இதுலதான் பசங்க நிறைய பேர் பயப்படறாங்க. 'கை நடுங்கினா உடம்புல பட்டுடுமே'ன்னு. பெயிண்டை நல்லாத் தண்ணியாக்கி, நுனி கூரான பிரஷ்ல, மரப்பிடியோட நடுவுல வெச்சு இழுங்க, ஓரத்துக்குப் போகாதீங்க. பெயிண்ட் தானா ஓரத்துக்குப் போய் நிக்கும். மொதல்ல வெளிர் மணல் கலர். காஞ்சதும் பழுப்பு எண்ணெய் வண்ணத்தை நீளவாக்குல லேசா இழுத்தா மர நரம்பு. இரும்புப் பாகத்துக்குக் கருஞ்சாம்பல், காஞ்சதும் பென்சில் நுனியை விளிம்புல தேய்ங்க. நம்ம அப்சரா, நட்ராஜ் பென்சில்தாங்க. தேஞ்ச இரும்பு மாதிரியே மின்னும். கடைசியில கரும்பழுப்பு வாஷை சாமானைச் சுத்தி ஓட விட்டீங்கன்னா, கை நடுங்கின இடத்தை எல்லாம் அது நிழலா மாத்திடும். ஒரு மண்வெட்டிக்கு அஞ்சு நிமிஷம். குச்சி வேணாம், தெர்மக்கோல் பலகை வேணாம், சுரண்டல் வேணாம்.

கிட்டோட வர்ற செய்முறைத் தாள்ல ஒவ்வொரு பீஸுக்கும் பக்கத்துல பெயிண்ட் நம்பர் போட்டிருக்கும். அதைப் பாத்துட்டு 'ஒட்டறதுக்கு முன்னாடியே அடிக்கச் சொல்லி கம்பெனிக்காரனே சொல்லியிருக்கான்'னு ஒரு பிரிவு கிளம்பியிருக்கு. என்ன கலர்னு சொல்றதுதான் அந்த நம்பர். எப்ப அடிக்கணும்னு அது சொல்லலை. பனியன்ல வாஷ்கேர் லேபிள் இருக்குன்னு தைக்கறதுக்கு முன்னாடியே துவைப்பீங்களா?

பிரிச்சு அடிக்கற கோஷ்டியில அசத்தலா செய்யறவங்க இருக்காங்க, மறுக்கலை. ஃபோட்டோ எடுத்துப் போட்டா வாயைப் பொளந்து பாக்கறேன். ஆனா அவங்க அழகு அவங்க பொறுமையில இருந்து வருது, வரிசையில இருந்து இல்ல. அந்தப் பொறுமையை வெச்சு ஒட்டிட்டு அடிச்சிருந்தாலும் அதே அழகு வந்திருக்கும், மூணு மாசம் முன்னாடியே வந்திருக்கும். அதை அவங்க சொல்றதில்ல. கஷ்டப்பட்டாத்தான் பக்தின்னு அலகு குத்திக்கிட்டு நிக்கறாங்க, பரவால்ல. வரிசையில பின்னாடி நிக்கற சின்னப் பையன் நாக்கையும் நீட்டச் சொல்றாங்களே, அதைத்தான் கேக்கறேன்.

போன வாரம் தம்பி வீட்டுக்குப் போனேன். அட்டாலியில இருந்து பெட்டியை எறக்கியாச்சு. குச்சியில இருந்த பீஸை எல்லாம் கழட்டி, பிரைமர் ஏறின இடத்துல ஒட்டற பரப்பை மட்டும் சுரண்டிட்டு, ஃபெண்டர் மேல வரிசையா இருக்கற சாமான் பெட்டிகளை ஒட்டிக்கிட்டு இருக்கான். இடது பக்கம் முடிஞ்சுது. "இது தையல் மாதிரியே இருக்குதுங்ணா, ஒரு பக்கம் புடிச்சா ஓடிருது"ங்கறான். கவசத் தகட்டை மட்டும் தனியா ஒரு கவர்ல போட்டு, மேல 'கடைசி'ன்னு எழுதி வெச்சிருக்கான்.

டிஸ்கி: பிரஷ் கழுவின தின்னரைச் சிங்க்ல ஊத்தாதீங்க. 2011-ல சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை ஹைகோர்ட் உத்தரவு போட்ட அளவுக்கு நொய்யல் ஏற்கெனவே பட்டது போதும். ஒரு மூடி போட்ட பாட்டில்ல தேக்கி வைங்க, கசடு அடியில இறங்கினதும் மேல் தின்னரைத் திரும்ப கழுவ எடுத்துக்கலாம். பிரஷ் துடைக்க கிலோக் கணக்குல விக்கற பனியன் வேஸ்ட் இருக்கு. ஆனா அதால மாடலைத் துடைச்சுடாதீங்க, பஞ்சு ஒட்டும்.